காதில் வில்லை இல்லாத மாடு

இந்தக் கதையில் சீடருக்குத்தான் வயது அதிகம். குருவைவிட ஒரு மாமாங்கத்துக்கு மேல் மூத்தவர்.

பெயர் சென்னியப்பன். காலண்டருக்குப் படம் எழுதியவர். சாமி படமும் எழுதுவார், ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்தது மாடுகள்தான். அவர் மாடு இருக்கிற காலண்டரை வருஷம் முடிந்தாலும் யாரும் சுவரிலிருந்து எடுக்கமாட்டார்கள். தேதித் தாளை மட்டும் பிய்த்துப் போட்டுவிட்டு மாட்டை வைத்துக்கொள்வார்கள்.

அந்த வேலை நின்றபோது ரெண்டு வருஷம் சும்மா இருந்து பார்த்தார். வீட்டில் சும்மா இருக்கிற ஆம்பளைக்கு என்ன மரியாதை கிடைக்குமோ அது கிடைத்தது. அப்புறம்தான் கலாமணியிடம் வந்து சேர்ந்தார்.

தாராபுரம் போகிற சாலையில் ஒரு பருத்திக்கொட்டைக் கடை. அதன் மாடியில் கலாமணியின் பட்டறை. கீழேயிருந்து புண்ணாக்கு வாசம் வந்துகொண்டே இருக்கும். கடன், சேமிப்பு, காப்பீடு என்று பத்திரங்களில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படக்கதையாக்கி ஊர் ஊராக அனுப்புவது அவர் தொழில். அதைக் கற்றுக்கொள்ள நாலைந்து பேர் அவரிடம் இருந்தார்கள்.

"உங்க மாடு எங்க ஊட்டுச் செவுத்துலயும் இருந்துதுங்கண்ணா" என்றார் கலாமணி, முதல் நாளே.

சென்னியப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குரு சின்னவராக இருந்தால் என்ன என்று அப்போதே முடிவு செய்துகொண்டார்.

கலாமணியின் படங்களில் ஓர் எழுத்துக்கூட இருக்காது. சென்னியப்பனுக்கு அது புதிராக இருந்தது.

"ஏனுங்க டீச்சர், கீழ ஒரு வரியாவது போட்டா என்னங்க?"

"போட்டா அதைப் படிச்சுச் சொல்ல ஒருத்தர் வேணுங்கண்ணா. அப்புறம் அவர் சொல்றதுதான் சட்டம்னு ஆயிரும்."

தை பிறக்க மூன்று மாதம் இருக்கும்போது மாட்டுக் காப்பீட்டு வேலை வந்தது. பால் சொசைட்டியும் ஒரு காப்பீட்டுக் கம்பெனியும் சேர்ந்து கொடுத்த வேலை. மாடு என்றதும் கலாமணி அதைச் சென்னியப்பன் கையில் கொடுத்துவிட்டார்.

"விசயம் என்னன்னு சொல்லுங்க டீச்சர்."

"மாட்டை டாக்டர் பாத்து நல்லா இருக்குதுன்னு சொல்லோணும். பணம் கட்டோணும். காதுல நெம்பர் போட்ட மஞ்ச வில்லை ஒண்ணு குத்துவாங்க. வருசத்துக்குள்ள மாடு செத்துப்போனா, வில்லையோட காதைக் காட்டோணும். காட்டுனா பணம். அவ்வளவுதானுங்க."

"வில்லை கழண்டு உழுந்துருச்சுன்னா?"

"ஒடனே சொல்லி வேற குத்திக்கோணும். வில்லை இல்லைன்னா அது அந்த மாடே இல்லைம்பாங்க."

"ஆறு படத்துல சொல்லீரலாமுங்க" என்றார் சென்னியப்பன்.

ஐந்து படங்களைச் சடுதியில் முடித்தார். டாக்டர் மாட்டைப் பார்ப்பது, பணம் கட்டுவது, வில்லை குத்துவது, மாடு செத்துக் கிடப்பது, பணம் கைக்கு வருவது. எல்லாம் சுத்தமாக இருந்தன. செத்த மாட்டின் காதில்கூட வில்லை பளிச்சென்று தெரிந்தது. மனசு மட்டும் எதிலும் ஒட்டவில்லை. சோறு போடுகிற வேலை என்று செய்தார்.

நாலாவது படம் பாக்கி இருந்தது. நடுவில் ஒரு வருஷம் ஓடுவதைக் காட்டவேண்டும். சென்னியப்பன் மாட்டுப் பொங்கலைப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு அவரிடம் யாரும் பேச முடியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் உம் என்பார், வரமாட்டார்.

ஒரு செவலைப் பசு. அப்போதுதான் குளிப்பாட்டிய ஈரம் முதுகில். கொம்புக்கு நீல வர்ணம், கழுத்தில் ஆவாரம்பூ மாலை. பழைய கயிறுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டுப் புதுசு மாற்றியிருந்தார்கள். அவிழ்த்துப் போட்ட பழைய மூக்கணாங்கயிறு காலடியில் கிடந்தது, அதில் ஒட்டியிருந்த அழுக்கு முதற்கொண்டு எழுதியிருந்தார். பசு படத்தைப் பார்ப்பவர்களை நேராகப் பார்த்தது.

காதில் வில்லையும் வைத்தார். எழுந்து தள்ளிப் போய் நின்று பார்த்தார். அவ்வளவு அழகான முகத்தில் அது விலைச்சீட்டு ஒட்டின மாதிரி இருந்தது. இடம் மாற்றி வைத்தார். சின்னதாக்கினார். எப்படி வைத்தாலும் பார்வை பசுவை விட்டு அங்கேயே போனது. கடைசியில் தூரிகையைச் செவலையில் தோய்த்து வில்லையை மூடிவிட்டார். மற்ற படங்களில்தான் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கலாமணி அந்தப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். 

"என்னுங்கண்ணா இது, மூச்சு உடுது" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

சொசைட்டிச் செயலாளர் பார்த்தார், கால்நடை டாக்டர் பார்த்தார், கம்பெனி அதிகாரியும் பார்த்தார். ஒவ்வொருவரும் ஆகா என்றார்கள். அடுத்த வருஷத்து வேலை மொத்தமும் இதை எழுதினவருக்கே என்று அதிகாரி கலாமணியிடம் அங்கேயே வாக்குக் கொடுத்தார். சென்னியப்பன் அன்று வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனார். சாப்பாட்டில் பெண்டாட்டி தண்ணீர் வைத்த விதமே வேறாக இருந்ததாக அவருக்குத் தோன்றியது.

பணம் கட்டிய வீடுகளுக்கெல்லாம் ஆறு படமும் அச்சுப் போட்டுக் கொடுத்தார்கள்.

பொங்கல் கழிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். பட்டறைப் படியேறி ஒரு பெண்பிள்ளை வந்தாள். நாற்பது வயது சொல்லலாம். கையில் ஒரு படச்சுருள், இடுப்பில் ஒரு துணி முடிச்சு.

"படம் எழுதற டீச்சருங்களா? நான் சாந்தாமணிங்க. சொசைட்டிலதான் இந்த எடத்தைச் சொன்னாங்க."

"வாங்க, உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. சுருளைத் தரையில் விரித்தாள். நாலாவது படம். ஓரங்களில் ஒட்டிய பசையும் பிய்ந்த சுண்ணாம்பும் இருந்தன.

"இதுல நான் எதைத் தப்பாப் பாத்தேன்னு சொல்லோணுங்க. அதைக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

சென்னியப்பன் மூலையில் வர்ணம் குழைத்துக்கொண்டிருந்தார். தன் படம் என்றதும் நிமிர்ந்தார்.

"என்ன ஆச்சுங்க?" என்றார் கலாமணி.

"எங்க செவலை போயிருச்சுங்க. பூச்சி தொட்டுருச்சு, பாம்புங்க. ஒத்தை மாடுதானுங்க எனக்கு. பால் ஊத்தித்தான் ஊட்டுல அடுப்பு எரியுது. பணம் கட்டியிருக்குதேன்னு தெம்பா இருந்தேன். கம்பெனிக்காரரு வந்து பாத்துட்டு, காதுல வில்லை இல்லை, ஒண்ணும் வராதுன்னுட்டாருங்க."

"வில்லை எங்கீங்க போச்சு?"

சாந்தாமணி துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மஞ்சள் வில்லை இருந்தது, தண்டு வெட்டியிருந்தது.

"நாந்தானுங்க கத்திரிச்சேன். பொங்கலுக்குப் பழைய கயிறெல்லாம் அவுத்துப் புதுசு மாத்தறமில்லீங்களா? படத்துலயும் அப்பிடித்தான இருக்குது. பழைய கயிறு கீழ கெடக்குது, காதுலயும் ஒண்ணுமில்லை. சரி, இதையும் அன்னைக்குக் கழட்டோணுமாட்ட இருக்குது, அப்புறமா டாக்டர் வந்து புதுசு போடுவாருன்னு நெனச்சுட்டேன். வில்லையைச் சாமி கிட்ட வெச்சிருந்தேனுங்க, பத்திரமா."



"படம் எழுதுனவங்களைக் கொறை சொல்ல வரலீங்க" என்றாள் சாந்தாமணி. "எனக்குத்தான் பாக்கத் தெரியலை. எதைப் பாத்திருக்கோணும், அதை மட்டும் சொல்லுங்க."

கலாமணி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெல்ல வெளுத்தது. சென்னியப்பனை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததே சென்னியப்பனுக்குச் சுட்டது. 'நான்தான் எழுதினேன்' என்று வாய் வரை வந்தது. அடுத்த வருஷத்து வேலை நினைவுக்கு வந்தது, பெண்டாட்டி தண்ணீர் வைத்த விதம் நினைவுக்கு வந்தது. குழைத்த வர்ணத்தையே குழைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சரியாத்தானுங்க பாத்திருக்கறீங்க" என்றார் கலாமணி. "படத்தைக் குடுத்துட்டுப் போங்க. அதிகாரிகிட்டப் பேசலாம்."

அவள் போனபின் சென்னியப்பன் எழுந்து வந்தார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"வில்லை குத்தற படத்துல வில்லை இருக்குது. செத்த மாட்டுக் காதுல இருக்குது. அதையெல்லாம் நம்பாம, வில்லை இல்லாத ஒரு படத்தை மட்டும் எப்பிடீங்க டீச்சர் அவ நம்புனா?"

 கலாமணி சாந்தாமணியின் படத்தைச் சுருட்டி நூல் கட்டினார்.

"வெள்ளிக்கிழமை சொசைட்டிக்கு அதிகாரி வாராருங்க. நான் போறேன். நீங்களும் வாங்கண்ணா."

வரத்தான் வேண்டுமா என்று சென்னியப்பன் கேட்கவில்லை. வராமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாளும் யோசித்தார். வெள்ளிக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், அது எப்படி என்று அவருக்கே தெரியவில்லை.

அதிகாரி எட்வின் கெட்டவர் இல்லை. விதிப் புத்தகத்தில் இருப்பதைத் தாண்டி யோசிக்கப் பழகாதவர், அவ்வளவுதான். பால் கேன்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செயலாளர் இருந்தார், பால் ஊற்ற வந்தவர்கள் நாலு பேர் நின்றார்கள், சாந்தாமணி சுவரோரம் நின்றாள்.

"வில்லை இல்லைன்னா கிளெய்ம் இல்லைம்மா" என்றார் எட்வின். "இதை நாங்க மறைக்கவே இல்லையே. படமாவே போட்டுக் குடுத்திருக்கோம்."

"அந்தப் படத்தைத்தானுங்க கொண்டாந்திருக்கறேன்" என்றார் கலாமணி. ஆறையும் வரிசையாகச் சுவரில் ஒட்டினார். "சார், ஒரு ஒத்தாசை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தருக்குச் சொல்றாப்பல இந்தக் கதையை நீங்களே சொல்லுங்க."

"நானா?"

"உங்க கம்பெனிக் கதைதானுங்க."

எட்வின் சிரித்தார். எழுந்து வந்தார். வகுப்பு எடுப்பது அவருக்குப் பிடிக்கும் போலிருக்கிறது.

"இங்க டாக்டர் மாட்டைப் பார்க்கிறார். இங்க பணம் கட்டுறாங்க. இங்க காதுல வில்லை போடுறாங்க, பாருங்க, மஞ்சள். அடுத்தது பொங்கல். மாட்டைக் குளிப்பாட்டியாச்சு, கொம்புக்குப் பெயின்ட் அடிச்சாச்சு. பழைய கயிறைக் கழட்டிக் கீழே போட்டாச்சு. வில்லையையும் கழட்டி..."

நிறுத்திவிட்டார். படத்தின் பக்கத்தில் போய்ப் பசுவின் காதைப் பார்த்தார். ஐந்தாவது படத்தைப் பார்த்தார், மறுபடி நாலாவதுக்கு வந்தார். பால் ஊற்ற வந்தவர்களில் ஒருவர் இருமினார்.

"இது யார் வரைஞ்சது?"

"பாத்துச் சரின்னு குடுத்தது நானுங்க" என்றார் கலாமணி.

"வரைஞ்சது யாருன்னு கேட்டேன்."

கலாமணி கடைசிப் படத்தின் ஓரத்தைச் சுவரோடு அழுத்தி ஒட்டினார். சென்னியப்பன் பக்கம் அவர் கண் போகவில்லை. பெயரைச் சொல்லிவிட்டிருந்தால்கூடச் சென்னியப்பனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.  இத்தனை வயசுக்கு இப்படிப் பயப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

"நானுங்க" என்றார்.

எட்வின் அப்போதுதான் ஆளைப் பார்த்தார். "நீங்களா? ஏன் சார் வில்லையை மறந்தீங்க?"

"மறக்கலீங்க. வெச்சேன். அப்புறம் நானே அழிச்சுட்டேன்."

"எதுக்கு?"

"மாட்டு மூஞ்சி கெட்டுப்போகுதுன்னு."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். எட்வின் சிரிக்கவில்லை. மேஜைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.

"இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதை வச்சு மேலே பேசிப் பார்க்கிறேன். எங்க படமே தப்பா இருந்தா அந்தம்மாவை எப்படிக் குறை சொல்றது? படமெல்லாம் ஊர்ல இருந்து திரும்ப எடுத்தாகணும். இனி உங்ககிட்ட வேலை குடுக்க முடியாது சார். மனசுல வச்சுக்காதீங்க."

சென்னியப்பன் எழுதினார்.  எழுதி முடித்து நிமிர்ந்தபோது எதிரே சாந்தாமணி நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

"நீங்கதானுங்களா அந்தப் படம் எழுதுனவங்க?" என்றாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. "எங்க செவலையேதானுங்க அது. அடுப்படியில ஒட்டி வெச்சிருந்தேன். காலைல அதைப் பாத்துட்டுத்தான் பால் கறக்கப் போவேன்."

சென்னியப்பன் வெளியே வந்து சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்று அழுதார்.

மாசி முடிவதற்குள் பணம் வந்துவிட்டது. சாந்தாமணி கன்றோடு ஒரு மாடு பிடித்தாள் என்று செயலாளர் சொன்னார். காதில் வில்லை குத்தும்போது டாக்டரிடம், இதை எந்த நல்ல நாளிலும் கழட்டக்கூடாதுதானே என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டாளாம்.

படங்கள் திரும்பி வந்தன. கட்டுக் கட்டாகப் பட்டறை மூலையில் அடுக்கினார்கள். நாலாவது படம் மட்டும் கட்டுகளில் குறைவாகவே இருந்தது. அது தொலைந்துபோய்விட்டது என்று பல வீடுகளில் சொல்லிவிட்டார்களாம்.

சென்னியப்பன் சில நாள் வரவில்லை. கலாமணி ஆள் அனுப்பவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை அவராகவே படியேறி வந்தார். தூரிகைப் பெட்டியைக் கையில் வைத்திருந்தார், தரையில் வைக்கவில்லை.

"நின்னுக்கிட்டே இருந்தா எப்பிடீங்கண்ணா?"

"ஒண்ணு கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன் டீச்சர். அன்னைக்குக் கேட்டேன், நீங்க சொல்லலை."

"கேளுங்க."

"எனக்குத் தூக்கம் வரலீங்க. அஞ்சு படம் சரியாத்தான் எழுதியிருந்தேன். அஞ்சும் ஒரே பேச்சுத்தான் பேசுது. அதையெல்லாம் உட்டுட்டு, தப்பா இருந்த ஒண்ணை மட்டும் அவ எதுக்குங்க நம்புனா?"

கலாமணி எழுந்தார். மூலைக் கட்டிலிருந்து ஆறு படத்தையும் எடுத்து, தரையில் கலைத்துப்போட்டு விரித்தார். கீழே கடையில் யாரோ புண்ணாக்கு உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்கெல்லாம் இனி வேலையில்லீங்க. எடைக்குப் போடோணும்" என்றார். "அதுக்கு முன்னால, உங்க ஊட்டுச் செவுத்துக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்கண்ணா."

சென்னியப்பன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். பணம் வாங்குகிற படத்தை ஒதுக்கினார், டாக்டர் படத்தை நகர்த்தினார். அடியில் இருந்த பொங்கல் படத்தை ஓரம் மடங்காமல் எடுத்தார். எடுத்தபின்தான் எதை எடுத்தோம் என்று பார்த்தார்.

கை அப்படியே நின்றது.

"அவளும் ஒண்ணுதானுங்க ஒட்டுனா" என்றார் கலாமணி.